கோபார்சனரி: சொல்லைப் பிரித்தாலே பாதி மார்க்

சட்டத் தேர்வு ரிசல்ட் வந்த சூட்டோடு எழுதுகிறேன். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் கோபார்சனரி சொத்து பற்றிய 6-ஆம் பிரிவை எல்லோரும் ஒப்பிப்பார்கள். கோபார்சனரி என்றால் என்ன என்று கேட்டால்தான் 'கூட்டுக் குடும்பம்' என்று எழுதி மாட்டிக்கொள்வார்கள். கூட்டுக் குடும்பத்தில் மனைவி, மருமகள் உண்டு; பூர்வீகச் சொத்தில் பிறப்பாலேயே பங்குள்ளவர்களின் குழுவான கோபார்சனரியில் கிடையாது.

சொல்லைப் பிரியுங்கள். 'கோ' என்றால் சேர்ந்து. 'பார்சனர்' பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. வேர், பங்கீட்டைக் குறிக்கும் லத்தீன் சொல். நம் 'பங்காளி'யேதான். பார்ட்னர் என்பதும் இந்தப் பார்சனர் திரிந்ததுதான். ஆக, சேர்ந்து வைத்திருப்பவர் என்பதோடு நிறுத்தாதீர்கள். பிரித்துக் கொடு என்று கேட்கக்கூடியவர். விடையின் முதல் வரி இதுவாக இருக்கட்டும்.

இங்கிலாந்தில் இது பெரும்பாலும் பெண்களுக்கான சொல். மகன் இல்லாமல் நிலத்துக்காரர் இறந்தால் மகள்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே வாரிசாக நின்றார்கள். அதே சொல்லை இங்கே மிதாட்சரம் என்ற இந்துச் சட்ட மரபைப் பின்பற்றும் குடும்பத்துக்கு ஒட்டவைத்தபோது மகளே வெளியே போய்விட்டாள்! தமிழ்நாட்டில் 25.3.1989 முதல், அன்று திருமணமாகாத மகளுக்கு இதே சட்டத்தில் சேர்த்த 29-ஏ பிரிவு இடம் கொடுத்தது. நாடு முழுக்க 9.9.2005-இல்தான்.

மார்க் சரியும் இடம் எஞ்சியோர் உரிமை, அதாவது ஒருவர் இறந்தால் அவர் பங்கு உயிரோடிருக்கும் மற்றப் பங்காளிகளுக்கே சேர்வது. இங்கிலாந்துக் கோபார்சனரியில் அது இல்லை; ஒரு சகோதரி இறந்தால் அவள் பங்கு அவள் வாரிசுக்குப் போகும். மிதாட்சரத்தில் இருந்தது. சொல் ஒன்று என்பதால் விதியும் ஒன்று என்று எழுதாதீர்கள்.

கணக்கு ஒன்று. தந்தை உயில் எழுதாமல் இறக்கிறார். மனைவி, ஒரு மகன், ஒரு மகள். பூர்வீகச் சொத்து.

- 1980-இல் இறந்து, அன்றைய சட்டப்படியே பிரித்து முடித்திருந்தால்: கற்பனைப் பாகப்பிரிவினையில் (இறப்பதற்குச் சற்று முன் சொத்தைப் பிரித்ததாக எண்ணிக்கொள்வது) தந்தைக்கு 1/2, மகனுக்கு 1/2. தந்தையின் பாதி மூவருக்கும் 1/6 வீதம். மகன் 2/3, மகள் 1/6, மனைவி 1/6.
- 2010-இல் என்றால்: தந்தை, மகன், மகள் தலா 1/3. தந்தையின் 1/3 மூன்றாக, 1/9 வீதம். மகன் 4/9, மகள் 4/9, மனைவி 1/9.
- கற்பனைப் பிரிவினையில் மனைவிக்குப் பங்கு போடாதீர்கள். வட இந்திய நூல்களில் போட்டிருப்பார்கள். மெட்ராஸ் வழக்கத்தில் இல்லை.
- கூட்டினால் 1 வருகிறதா என்று பாருங்கள். அரை நிமிடம்தான்.
- மகளுக்குப் பங்கு கிடைக்க 9.9.2005-இல் தந்தை உயிரோடு இருக்க வேண்டியதில்லை: உச்ச நீதிமன்றத்தின் வினீதா சர்மா வழக்கு, 11.8.2020. ஆனால் 20.12.2004-க்கு முன் முறையாக முடிந்த பாகப்பிரிவினை கலையாது.