பெருக்கல் குறி போட்ட பக்கங்கள்

ஃப்ளோபேரின் பிரெஞ்சு நாவல் ‘மதாம் பொவாரி’யை இரண்டு தடவை படித்தும் ஒரு கேள்வி தீரவில்லை. விவசாயக் கண்காட்சி அத்தியாயத்தை அவர் எப்படி எழுதியிருப்பார்? கீழே மைதானத்தில் மாட்டுக்கும் பன்றிக்கும் பரிசு அறிவிக்கிறார்கள். மேலே ஜன்னலோரம் ரொதோல்ஃப் நாயகி எம்மாவிடம் காதல் பேசுகிறான். நூறு முறை போய்விட நினைத்தேன், ஆனாலும் உங்கள் பின்னாலேயே வந்து தங்கிவிட்டேன் என்கிறான். அடுத்த வரி, பரிசு அறிவிப்பு: “எரு!”

நாவலின் வரைவுகளை ஃப்ளோபேரின் தங்கை மகள் 1914இல் பிரான்சின் ரூவான் நகராட்சி நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார். 4,000 பக்கங்களுக்கு மேல். இறுதிப் படியோ 500 தாள்களுக்குள் முடிந்துவிடுகிறது. நல்லவேளை, ரூவானுக்குப் போக வேண்டியதில்லை. பக்கப் படங்களையும், தன்னார்வலர்கள் எழுத்தெழுத்தாகப் படித்து அச்செழுத்தில் தந்த பெயர்ப்பையும் ரூவான் பல்கலைக்கழகம் 2009இல் இணையத்தில் ஏற்றியது.

கையெழுத்தை நானே படித்துவிடலாம் என்ற வீம்பில் பெயர்ப்பைத் திறக்காமல் உட்கார்ந்தேன். ஒரு மாலை முழுக்கப் பார்த்ததில் பத்து வரிகூடத் தேறவில்லை. வரிக்கு மேல் வரி, அடித்ததற்கு மேல் இன்னொரு அடித்தல். சேர்ப்புகளுக்கென்றே இடப்பக்கம் அகலமாக ஓரம் விடுவார். அதுவும் நிரம்பி வழிகிறது. மறுநாள் வீம்பை மூட்டை கட்டிவிட்டுப் படத்தையும் பெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். இரண்டு வாரத்தில் கண் பழகியது.

பெரிய தவறு வேறு இடத்தில் நடந்தது. பக்கம் பக்கமாகப் பெரிய பெருக்கல் குறி போட்டு அடித்திருந்தார். வேண்டாமென்று தள்ளியவை என நினைத்து அவற்றையெல்லாம் தாண்டிப் போனேன். பாதி வரைவுகளை அப்படியே தொலைத்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அந்தக் குறிக்கு ‘வேண்டாம்’ என்று பொருளில்லை. ‘அடுத்த தாளில் திருத்தி எழுதியாகிவிட்டது’ என்று பொருள். வேலை முடிந்த தாளைத் திருப்பிப்போட்டுப் பின்புறத்தில் இன்னொரு வரைவு எழுதுவார். சிக்கனம்தான், ஆனால் நூலகம் இட்ட தாள் எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் எழுதிய வரிசை கிடைக்காது. பல்கலைக்கழகம் தந்திருந்த வரிசை அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

அப்புறம்தான் காட்சி பிடிபட்டது. இந்த ஓர் அத்தியாயத்துக்கு 1853இல் பல மாதங்கள் செலவிட்டிருக்கிறார். சிம்பனியின் விளைவை ஒரு புத்தகத்தில் கொண்டுவர முடியுமென்றால் அது இங்கேதான் என்று அந்த அக்டோபரில் காதலி லூயிஸ் கொலேவுக்கு எழுதினார். கடிதத்தைப் படித்தபோது கொஞ்சம் பீற்றல் என்றுதான் பட்டது. வரைவுகளைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. ஒரே பத்தி தாளுக்குத் தாள் ஊதிப் பெருக்கிறது, பிறகு இளைக்கிறது. வெட்டிக்கொண்டே வந்த கைதான் அந்த ஒற்றைச் சொல் “எரு”வை அங்கே தனியாக நிற்க விட்டிருக்கிறது. சத்தமாக வாசித்துப் பார்த்தே வாக்கியத்தைத் தீர்மானிப்பார் என்பார்கள். நானும் வாசித்துப் பார்த்தேன். வீட்டில் யாருக்கோ திட்டு விழுகிறது என்று அம்மா எட்டிப் பார்த்தார்.

இப்போது நகலெழுத்தர் பார்த்து எழுதிய படியில் இருக்கிறேன். 1856இல் நாவலைத் தொடராக வெளியிட்ட இதழ் எங்கெங்கே கத்தி வைத்தது என்பதை இதில் பார்க்கலாம். எம்மாவும் அவளுடைய இன்னொரு காதலன் லியோனும் திரை மூடிய குதிரைவண்டியில் ரூவானைச் சுற்றும் காட்சி அப்படிப் பறிபோனது. அந்தப் பக்கங்களை இன்னும் திறக்கவில்லை.