பசியாறிட்டீங்களா, தம்பி?

1996 நவம்பரில் நான் கோலாலம்பூர் வந்தேன். கோயம்புத்தூரில் ஆறு வருடம் கிரைண்டர் விற்றவன், அதே கம்பெனிக்கு இங்கே டீலர் பிடிக்க வேண்டும். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாடி அறை கிடைத்தது. அப்போது ஒரு டாலருக்கு இரண்டரை வெள்ளி. இங்குள்ள தமிழர்கள் ரிங்கிட்டை வெள்ளி என்றுதான் சொல்வார்கள்.

மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு பாத்திரக்கடை. போனதும் மோட்டார், கல், வாரண்டி என்று ஆரம்பித்துவிட்டேன். முதலாளி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பசியாறிட்டீங்களா, தம்பி?" என்றார். பசியில்லை என்று சொல்லிவிட்டு விலைப்பட்டியலை நீட்டினேன். "அப்புறம் பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டார். மூன்று மாதம் எல்லாக் கடையிலும் இதே கதை.

வீட்டுக்கார அக்காதான் விளக்கினார்: "பசியாறுறதுன்னா இங்க காலைச் சாப்பாடு தம்பி. அவர் உங்களை உட்காரச் சொல்லியிருக்கார். நீங்க மாட்டேன்னுட்டீங்க."

மறுநாள் விடிந்ததும் அந்தக் கடைக்கே போனேன். ரொட்டி சானாய், தே தாரிக். ஒரு மணி நேரம் வியாபாரப் பேச்சே இல்லை. அவருடைய தாத்தா ரப்பர் தோட்டத்துக்கு வந்த கதையைச் சொன்னார், நான் என் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். எழுந்திருக்கும்போது கேட்டார்: "உங்க கிரைண்டர் பிளக் இங்க சேருமா?"

சேராது. நம் ஊர் பிளக்கில் உருண்டை முள், இங்கே பிரிட்டிஷ் முறையில் தட்டையான மூன்று முள். அவ்வளவு நாள் அதை ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்ல நான் இடம் கொடுத்ததில்லை. அன்றைக்கே கோவைக்கு ஃபேக்ஸ் அனுப்பினேன். அடுத்த சரக்கு சரியான பிளக்கோடு வந்தது, அவர் ஐம்பது எடுத்தார்.

1997 ஜூலையில் தாய்லாந்தின் பாட் சரிந்தது, வெள்ளியும் கூடவே சரிந்தது. 1998 ஜனவரியில் ஒரு டாலர் 4.80ஐத் தாண்டியது. எங்கள் பில்லெல்லாம் டாலரில். 250 வெள்ளிக்கு வாங்கிய சரக்குக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கட்ட வேண்டும் என்றால் கடைக்காரர் எங்கே போவார்? பாக்கியை வசூலித்துவிட்டுக் கடையைக் கட்டு என்றது கம்பெனி. அவகாசம் கொடுங்கள் என்று மன்றாடினேன், என் சம்பளத்தைத்தான் நிறுத்தினார்கள். அந்த செப்டம்பரில் அரசாங்கம் டாலரை 3.80 என்று நிலைநிறுத்தியபின் கடைகள் மூச்சுவிட்டன. பாத்திரக்கடைக்காரர் மிச்சம் வைக்காமல் கட்டினார். தன் மைத்துனரின் மளிகை இறக்குமதிக்கு ஆலோசனை சொல்ல என்னை அழைத்தவரும் அவர்தான். ஆலோசகர் என்ற என் தொழில் அப்படித்தான் தொடங்கியது.

இப்போது பெரும்பாலும் மசாலா, ஊறுகாய் கம்பெனிகள் வருகின்றன. தமிழர் வீடுகளை மட்டும் கணக்குப் போட்டு வருவார்கள். இந்த நாட்டில் இந்தியர்கள் நூறில் ஏழு பேர்தான். மலாய்க்காரர் சமையலறைக்குள் போகாமல் எந்த மசாலாவும் இங்கே நிற்காது, அதற்கு முதல் தேவை மலேசிய அரசின் இஸ்லாமிய வளர்ச்சித் துறையான ஜாக்கிம் ஏற்கும் ஹலால் சான்றிதழ். விளம்பரமெல்லாம் அதற்குப் பிறகுதான் என்பேன்.

அடுத்த மாதம் ஈரோட்டிலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள். முதல் நாள் காலைக்குக் கூட்டம் எதுவும் வைக்கவில்லை. பாத்திரக்கடை முதலாளியோடு பசியாறப் போகிறோம்.