டொராண்டோ டிக்கெட்டும் சேரன் எக்ஸ்பிரஸும்

கோயம்புத்தூருக்கு விமானத்தில் போவதை நிறுத்தி இந்தப் பொங்கலோடு இரண்டு வருஷம். மாதம் ஒருமுறை ஊருக்குப் போகிற எனக்கு இது பெரிய தியாகமெல்லாம் இல்லை. ராத்திரி பத்து மணிக்கு சென்ட்ரலில் சேரன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியும்போது கோவை. விமானம் பறப்பது ஒரு மணி நேரம்தான், ஆனால் பெரம்பூரிலிருந்து மீனம்பாக்கம் போய், பெல்ட்டைக் கழற்றி மாட்டி, பீளமேட்டில் இறங்கிப் பெட்டிக்குக் காத்திருந்து வீடு சேர்வதற்குள் அரை நாள் ஓடிவிடும். கஷ்டம் தட்கலில்தான். ஏசி வகுப்புக்குக் காலை பத்துக்குத் திறக்கிறார்கள், ஓடிபி வருவதற்குள் வெயிட்டிங் லிஸ்ட்! “பிளேன்ல வந்தா என்ன கண்ணு, ஏன் இப்படி அவதிப்படறே?” என்பாள் அம்மா.

பூமியைச் சூடாக்கும் புகையை விமானம் எவ்வளவு விடுகிறது என்று நான் சும்மா ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்ததில் வந்த வினை இது. ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் காற்றிலிருக்கும் ஆக்சிஜனும் சேர்ந்து 3 கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு ஆகிறது. குறுந்தூரப் பயணத்தில் மேலே ஏறுவதற்கே நிறைய எரிந்துவிடும். சென்னை–கோவை ஒருவழிக்கு ஆளுக்குச் சுமார் 50 கிலோ கார்பன் டை ஆக்சைடு வந்தது. போகவர, பன்னிரண்டு மாதத்துக்கு, ஒரு டன்னைத் தாண்டுகிறது. (ரயில் ஓடும் மின்சாரமும் பெரும்பாலும் நிலக்கரிதான், தெரியும். ஆனாலும் அது இதைவிட எவ்வளவோ குறைவு.)

பெருமையாக இருந்தது, அக்கா டொராண்டோவுக்குக் கூப்பிடும்வரை. அங்கே போய்வர, எகானமியில்கூட, சுமார் 2 டன் ஆகிவிடும். ஒரு சராசரி இந்தியர் வருஷம் முழுக்க வெளியிடுவதே ஏறக்குறைய அவ்வளவுதான். பன்னிரண்டு மாதம் ரயிலில் போய் மிச்சம் பிடித்ததை ஒரே பயணம் தின்றுவிட்டு இன்னும் கேட்கும்.

“நீ ஒருத்தன் ஏறாட்டி விமானம் நின்னுடுமா?” என்று மச்சான் கேட்டார். நிற்காது. ஆனால் 2018-ல் உலக மக்களில் விமானம் ஏறியவர்களே சுமார் 11% தான் என்கிறது ஓர் ஆய்வு. ஆக, ஊரோடு ஒத்துப்போகிறேன் என்றும் நான் தப்பிக்க முடியாது, அந்தக் கொஞ்சப் பேரில் நானும் ஒருத்தன்.

அதற்காக அக்காவைப் பார்க்காமல் இருக்க முடியுமா? முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். வருஷத்துக்கு ஒருமுறை பத்து நாள் என்றிருந்ததை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஐந்து வாரம் என்று மாற்றிக்கொண்டேன். நேற்று டிக்கெட் போட்டுவிட்டுச் சொன்னதும் அக்கா, “அஞ்சு வாரமா...” என்று இழுத்தாள். பின்னால் மச்சான் சிரிக்கிற சத்தம் கேட்டது.