குறுக்கை வீரட்டமும் காமன் பொட்டலும்: மாசிப் பௌர்ணமியில் ஒரு யாத்திரை

இளவேனிலை வரவேற்கும் விழா வடநாட்டில் ஹோலியாகவும், வங்கத்தில் ராதாகிருஷ்ணரை ஊஞ்சலில் வைத்துக் கொண்டாடும் டோல் பூர்ணிமாவாகவும், கோவாவில் சிக்மோவாகவும் நடக்கிறது. தமிழ்நாட்டில் இதற்கு ஈடான விழா இல்லை என்று படித்தவர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். காவிரிப் படுகையில் பிறந்து வளர்ந்த எவரும் அப்படிச் சொல்லமாட்டார். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தெரிந்ததும் ஊர்ப் பொட்டலில் காமனை நட்டு, பௌர்ணமி இரவில் எரித்து, ரதியோடு சேர்ந்து அழுது, பிறகு பால் தெளித்து அவனை எழுப்பும் காமன் பண்டிகையை அவர் சிறுவயதிலேயே பார்த்திருப்பார். இங்கே வண்ணப்பொடி கிடையாது. ஆனால் விழாவின் நாயகன் வசந்தனின் தோழனாகிய மன்மதன்தான்.

வடநாட்டார் பால்குனப் பௌர்ணமியைச் சந்திரமானப்படி, அதாவது நிலவின் ஓட்டத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள், நாம் மாசியைச் சௌரமானப்படி, அதாவது சூரியனின் ஓட்டத்தை வைத்துக் கணக்கிடுகிறோம். அதனால் இரண்டு விழாக்களும் சில ஆண்டுகளில் ஒரே பௌர்ணமியில் வரும், சில ஆண்டுகளில் ஒரு மாதம் விலகிப்போகும். 2024இல் மாசிப் பௌர்ணமி பிப்ரவரி 24ஆம் நாளும் ஹோலிகா தகனம் மார்ச் 24ஆம் நாளும் வந்தன. 2025இல் இரண்டும் மார்ச் 13ஆம் நாள் இரவில் கூடின. அந்த ஆண்டில்தான், மன்மதனை எரித்த தலத்தையும் அவனை இன்றும் எரிக்கும் ஊரையும் சேர்த்துப் பார்த்துவருவது என்று மயிலாடுதுறைக்குப் போனேன்.

சிவன் வீரச்செயல் புரிந்த எட்டுத் தலங்களாகிய அட்ட வீரட்டங்களில் காமனை எரித்த வீரட்டம் திருக்குறுக்கை. இன்று ஊர்வழக்கில் கொருக்கை. காவிரியின் வடகரையில், மயிலாடுதுறையிலிருந்து நீடூர் வழியாகக் கொண்டல் பக்கம் செல்ல வேண்டும். சம்பா அறுவடை முடிந்து, தரிசாகக் கிடக்காமல் உளுந்தும் பயறும் விதைத்திருந்த வயல்களில் காய் முற்றிக்கொண்டிருந்தது. அந்த வட்டாரத்தில் ஊர்ப்பெயர்களையே காமன் கதையோடு பிணைத்துச் சொல்கிறார்கள். சிவன்மேல் கணை தொடுக்கப் புறப்பட்ட மன்மதன் காப்புக் கட்டிக்கொண்ட இடம் கங்கணம்புத்தூர் என்றும், கரும்பு வில்லை வளைத்த இடம் வில்லினூர் என்றும், ஐந்து மலர்க்கணைகளை எடுத்த இடம் ஐவாநல்லூர் என்றும் எங்கள் வண்டியோட்டி ஒவ்வொரு பிரிவுச் சாலையிலும் கையை நீட்டிக் காட்டிக்கொண்டே வந்தார். இதற்கெல்லாம் கல்வெட்டுச் சான்று கேட்கத் தோன்றவில்லை. ஒரு புராணத்தைத் தங்கள் வாய்க்கால் வரப்புகளின்மேல் பதித்து வைத்துக்கொண்டவர்களிடம் அந்தக் கேள்வி பொருந்தாது.

கோயிலில் இறைவன் வீரட்டேசுவரர், இறைவி ஞானாம்பிகை, தலமரம் கடுக்காய். நடராசர் ஆடும் மண்டபத்துக்குச் சம்பு விநோத சபை என்று பெயர். நான் அதிக நேரம் நின்றது காமதகன மூர்த்தியின் முன்னால்தான். அருகில் ரதியும் மன்மதனும் இருக்கிறார்கள். தண்டனை கொடுத்தவர் திருமுன்பிலேயே தண்டனை பெற்றவனும் மனைவியோடு பூசை பெற்றுக்கொண்டு நிற்கிறான். எரிப்பதற்கு முந்திய நிலையா, உயிர்ப்பித்ததற்குப் பிந்திய நிலையா என்பது காண்பவர் மனத்தைப் பொறுத்தது. கோயிலுக்கு அருகே விபூதிக்குட்டை என்று ஓர் இடத்தைக் காட்டுகிறார்கள். காமன் சாம்பலான இடம் அதுவே என்பது தலவரலாறு. அங்கே வெளிறிய மண்ணைச் சிலர் விரலால் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டார்கள்.

திருநாவுக்கரசர் இத்தலத்துக்குப் பாடிய திருநேரிசைப் பதிகத்தைச் சந்நிதியில் ஓதிக்கொண்டிருந்தார்கள். ஆயிரம் பூவில் ஒன்று குறையத் தன் கண்ணையே இட்ட திருமால், ஆனைக்காவில் பந்தல் இழைத்த சிலந்தி, கல்லெறிந்து வழிபட்ட சாக்கியர், திருமறைக்காட்டில் அணையப் போன விளக்கைத் தூண்டிவிட்ட எலி என்று அருள் பெற்றவர்களே அந்தப் பாடல்களில் வரிசையாக வருகிறார்கள். நெய்யை உண்ண வந்த எலி, மூக்குச் சுட்டு உதறியதில் சுடர் தூண்டப்பட்டது. அந்த எலிக்கு மறுபிறவியில் அரசு கிடைத்தது. அறியாமல் விளக்கைத் தூண்டிய எலிக்கு அத்தனை கொடுத்தவர், தேவர்கள் கேட்டுக்கொண்டதற்காகத் தெரிந்தே கணை தொடுத்தவனை எரித்தார் என்பதை அந்த இடத்தில் நின்று நினைக்கும்போது, கிராமத்தார் ஏன் ரதியின் பக்கம் நிற்கிறார்கள் என்பது ஓரளவு புரிகிறது. காமன் தன் ஆசைக்காகப் போகவில்லை. சூரபன்மன் கொடுமை தீரக் குமரன் பிறக்கவேண்டும், அதற்கு யோகத்தில் இருக்கும் சிவன் கண் திறக்கவேண்டும். அந்த ஏவலுக்குப் பலியானவன் அவன். கந்தபுராணத்தில் காமதகனப் படலம் இதைத்தான் விரித்துச் சொல்கிறது.

மாசி மகத்தையொட்டி அந்தக் கோயிலிலேயே காமதகன விழா உண்டு. மறுநாள் பௌர்ணமி இரவுக்கு, அதே வட்டாரத்தில் உறவினர் ஒருவர் சொல்லியிருந்த சிற்றூருக்குச் சென்றேன்.

ஊர்ப்பொட்டலில் நட்டிருந்த காமனை மாலை வெளிச்சத்திலேயே பார்த்தாகிவிட்டது. உருவம் என்று சொல்லத்தக்க எதுவும் அதில் இல்லை. நடுவில் ஆமணக்குக் கொம்பு, அதோடு முழுக் கரும்பு, பேய்க்கரும்பு. இவற்றை ஆளுயரத்துக்கு வைக்கோல் பிரியால் சுற்றி இறுக்கி, நடுவில் துளையிட்ட வறட்டிகளைக் கயிற்றில் கோத்து மாலையாகப் போட்டிருந்தார்கள். அடியில் களிமண் மேடை, அதன்மேல் மஞ்சள் நீர் தெளித்த ஈரம், சுற்றிலும் முளைவிட்டிருந்த நவதானியம். மூன்றாம் பிறையன்று நட்டதிலிருந்து மாலைதோறும் விளக்கு வைத்துப் பாட்டுப் பாடிவந்ததில், ஆமணக்குக் கொம்பின் கணுவொன்றில் புதிதாக ஒரு துளிர் விட்டிருந்தது. அதை எனக்குக் காட்டிய சிறுவனுக்கு அதில் பெருமை. இன்றிரவு அதுவும் எரியப்போகிறதே என்றேன், "நாளான்னைக்கு எந்திரிச்சிடுவாரு" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு ஓடினான்.

இந்தக் கரும்பைப் பார்த்ததும் ஆண்டாள் நினைவுக்கு வந்தாள். நாச்சியார் திருமொழியின் முதல் திருமொழி முழுவதும் காமதேவனை நோக்கிய நோன்பு. தைத் திங்கள் முழுதும் தரை விளக்கி, மாசி முதலில் நுண்மணலால் தெருவை அணிசெய்து, "காயுடை நெல்லொடு கரும்பமைத்துக் கட்டி யரிசி அவலமைத்து" மன்மதனை வணங்குகிறாள். "பங்குனிநாள் திருந்தவே நோற்கின்றேன் காமதேவா" என்றும் சொல்கிறாள். அவளுக்கு முன்னரே புகார் நகரில் காமவேள் கோட்டம் இருந்ததைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. அங்கே தொழுதால் பிரிந்த கணவன் வந்து சேர்வான் என்று தோழி தேவந்தி சொல்ல, அது பெருமையன்று எனக் கண்ணகி மறுத்துவிடுகிறாள். அந்தப் புகார் நான் நின்ற ஊரிலிருந்து வண்டியில் எளிதில் போய்வரக்கூடிய தொலைவுதான். கோட்டம் மறைந்துபோயிற்று, கரும்பும் நெல்லும் மாசியும் பங்குனியும் இந்த வட்டாரத்துப் பொட்டல்களில் தங்கிவிட்டன.

இரவு உணவுக்குப் பிறகு வேடம் கட்டியவர்கள் வந்தார்கள். மன்மதனுக்குப் பச்சை முகம், ரதிக்கு ரோஜா நிறம். இருவருக்கும் கிரீடம், புஜக்கட்டை. இருவருமே ஆண்கள். திருமணம் கூடவேண்டும், பிள்ளை பிறக்கவேண்டும் என்று நேர்ந்துகொண்டு வேடம் கட்டுவதும் உண்டு என்றார்கள். முதல் பாதி சண்டையும் கொஞ்சலுமாகப் போயிற்று. கெட்ட கனவு கண்டேன், போகாதே என்று ரதி தடுக்க, தேவர் ஏவலைத் தட்டமுடியாது என்று மன்மதன் மறுக்க, வீட்டுக்கு வீடு வாசலில் நின்று இதையே மாற்றி மாற்றிப் பாடிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார்கள். வெளியூரிலிருந்து விடுமுறையில் வந்திருந்த பிள்ளைகள் கைப்பேசியில் படம் பிடித்தார்கள். அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. அவர்களும் பாட்டின் ஈற்றடியைச் சேர்ந்து பாடிக்கொண்டுதான் பிடித்தார்கள்.

நள்ளிரவுக்குச் சற்று முன்பு எல்லாரும் பொட்டலுக்குத் திரும்பினார்கள். தூரத்து மரத்திலிருந்து காமன் வரை கட்டியிருந்த கயிற்றில் ஒரு வாணம் சீறிக்கொண்டு வந்து வைக்கோலில் பாய்ந்தது. சிவனின் நெற்றிக்கண் அது. வறட்டி உடனே பற்றவில்லை. வைக்கோல் எரிந்து தணிந்த பிறகுதான் மெல்லக் கனன்று சிவந்தது. அதுவரை இருந்த ஆரவாரம் அப்போது அடங்க, ரதி தலைவிரி கோலமாகத் தீயைச் சுற்றிவந்து ஒப்பாரி வைத்தாள். மெட்டு உண்மையான இழவு வீட்டு மெட்டேதான். கூட்டத்தில் உட்கார்ந்திருந்த வயதான பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்கள். சிலர் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயரையும் சேர்த்துக்கொண்டார்கள். ஹோலித் தீயைச் சுற்றி வடநாட்டார் மகிழ்ந்து ஆடுகிறார்கள் என்றால் அதற்குக் காரணம் உண்டு: அங்கே எரிவது பிரகலாதனைக் கொல்ல வந்த ஹோலிகை. இங்கே எரிபவன்மீது யாருக்கும் பகையில்லை.

அழுகை முடிந்ததும் லாவணி தொடங்கியது. எதிரெதிராக இரு குழுக்கள் அமர, ஒரு பக்கம் எரிந்த கட்சி, மறுபக்கம் எரியாத கட்சி. டேப் என்னும் தோற்கருவியும் துந்தினா என்னும் ஒற்றைத் தந்திக் கருவியும் ஒலிக்க, காமன் எரிந்தானா இல்லையா என்று பாட்டாலேயே வழக்காடினார்கள். எரிந்துபோனது உண்மையானால் இன்றைக்கும் உலகில் காதலும் கல்யாணமும் எப்படி நடக்கின்றன என்பது எரியாத கட்சியின் கேள்வி. எரியாமல்தான் அவனுக்கு அனங்கன், உடலில்லாதவன் என்று பெயர் வந்ததோ என்பது மறுகட்சியின் பதில். இந்தப் பாட்டு வடிவம் தஞ்சையை 1676 முதல் 1855 வரை ஆண்ட மராட்டியர் காலத்தில் அவர்களோடு வந்தது. மகாராட்டிரத்திலும் கல்கி, துரா என்ற இரு கட்சிகள், சக்தி பெரிதா சிவம் பெரிதா என்று லாவணியில் மோதிக்கொள்ளும். அந்த வழக்காடலை வாங்கிக்கொண்ட தஞ்சைக்காரர்கள், வழக்கை மட்டும் தங்கள் காமன் பொட்டலிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். இன்று லாவணிக் கலைஞர்கள் குறைந்துவிட்டார்கள். பல ஊர்களில் காமன் மட்டும் எரிகிறான், வாதம் இல்லை.

பக்கத்தில் அமர்ந்திருந்த பெரியவரிடம், "ஐயா, நீங்க எந்தக் கட்சி?" என்று கேட்டேன்.

"எரிஞ்ச கட்சிதான் தம்பி. எரியலைன்னா நாளான்னைக்குப் பால் தெளிக்கிறது யாருக்கு?" என்றார்.

அந்தப் பால் தெளித்தலுக்காகவே தங்கினேன். எரிந்த இடத்தில் சாம்பலைக் குவித்து, பாலும் மஞ்சள் நீரும் தெளித்து, ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி மன்மதன் எழுந்ததாகப் பாடி, மீண்டும் இருவரையும் சேர்த்து ஊர்வலம் விடுகிறார்கள். சாம்பலை நெற்றியில் இட்டுக்கொண்டதுபோக மீதியை வயலில் தூவச் சிலர் எடுத்துப் போனார்கள். கடல் கடந்து இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் மக்கள் இந்தக் கூத்தையும் உடன் கொண்டுபோனார்கள். அங்கே காமன் கூத்து இன்றும் நடக்கிறது.

அண்டை மாநிலங்களிலும் பால்குனப் பௌர்ணமி காமனுக்குரியதுதான். கர்நாடகத்தில் காமன ஹப்பா, சிறுவர்கள் வீடுவீடாக விறகைத் திருடிக் கொண்டுவந்து எரிப்பார்கள். தெலங்கானாவில் இதற்குக் காமுனி புன்னமி என்று பெயர். என்னை மிகவும் ஈர்த்தது வட மலபாரின் வழக்கம். கண்ணூர், காசர்கோடு பகுதிகளில் மீன மாதத்தில் கார்த்திகை நட்சத்திரம் முதல் பூர நட்சத்திரம் வரை ஒன்பது நாள் பெண்பிள்ளைகள் காமனுக்குப் பூவிட்டு, பூவாலோ மண்ணாலோ அவனுக்கு உருவம் செய்கிறார்கள். காவுகள் என்னும் கோயில்களில் ஆடவர் பூரக்களி என்ற ஆட்டம் ஆடுகிறார்கள். அங்கே யாரும் காமனை எரிப்பதில்லை. பூரத்தன்று அடை சுட்டுப் படைத்து, பால் வடியும் மரத்தடியில் கொண்டுபோய் வைத்து, அடுத்த ஆண்டும் காலத்தோடு வந்துவிடு என்று சொல்லி வழியனுப்புகிறார்கள். எரியாத கட்சிக்காரர் கையில் இது கிடைத்தால் ஓர் இரவுக்குப் பாட்டுக் கட்டிவிடுவார்.

போக விரும்புபவர்களுக்கு: குறுக்கையோடு திருப்பறியலூர், வழுவூர், திருக்கடவூர் ஆகிய வீரட்டங்களும் மயிலாடுதுறையைச் சுற்றியே இருப்பதால் பகலில் அவற்றையும் வழிபட்டு வரலாம். எந்த ஊரில் காமன் நட்டிருக்கிறார்கள் என்பதை மூன்றாம் பிறைக்குப் பிறகு கடைத்தெருவில் விசாரித்தால் சொல்லிவிடுவார்கள். லாவணி உண்டா என்று தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். எரிப்பதை மட்டும் பார்த்துவிட்டு விடியலில் பேருந்து ஏறிவிடாமல் பால் தெளிக்கும் நாள் வரை இருக்கும்படி திட்டமிடுங்கள். கேட்டால் ஊரிலேயே யாராவது திண்ணை கொடுப்பார்கள்.