டபுள் ஐபிஏ: மூன்றாவது பேட்சில்தான் வெண்ணெய் வாடை ஒழிந்தது

மூன்றாம் முறை காய்ச்சிய டபுள் ஐபிஏவின் (கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவும் ஆல்கஹாலும் கூடிய பீர்) மணம்: பைன் பிசின், பம்ப்ளிமாஸ் தோல், பின்னால் கொஞ்சம் ஆரஞ்சு. வெண்ணெய் வாடை துளிகூட இல்லை. முந்தைய இரண்டு பேட்சும் கெக்கில் (பீர் பீப்பாயில்) ஏற்றிய அன்று நன்றாகத்தான் இருந்தன; இரண்டே வாரத்தில் தியேட்டர் பாப்கார்ன்.

ரெசிபியில் மாற்றமில்லை. 20 லிட்டருக்கு 6 கிலோ டூ-ரோ மால்ட் (முளைகட்டிய பார்லி), 500 கிராம் டெக்ஸ்ட்ரோஸ், கொதியில் 60 நிமிடம் 30 கிராம் கொலம்பஸ் ஹாப்ஸ், 80 டிகிரிக்கு இறங்கியதும் சிம்கோ, சென்டெனியல் ஹாப்ஸ் தலா 50 கிராம், யுஎஸ்-05 ஈஸ்ட் இரண்டு பாக்கெட். ஆரம்ப கிராவிட்டி (சர்க்கரை கரைந்த அடர்த்தி; ஈஸ்ட் தின்னத் தின்ன இறங்கும்) 1.074. டிரை ஹாப் (கொதிக்க வைக்காமல் பீரிலேயே போடும் ஹாப்ஸ்) 160 கிராம்: சிம்கோ பாதி, அமரில்லோவும் சென்டெனியலும் மீதி. லிட்டருக்கு 8 கிராம் வருகிறது. அதற்கு மேல் கொட்டினால் காசுதான் போகும். பழ மணம் அவ்வளவாக ஏறாது, தேயிலை வாடை ஏறும்.

சிக்கல் டிரை ஹாப்பில்தான். 1.014-இல் மூன்று நாள் அசையாமல் நின்ற பீர், ஹாப்ஸ் போட்ட ஐந்தாம் நாள் 1.011. ஈஸ்ட் தின்ன முடியாமல் விட்ட டெக்ஸ்ட்ரினை (மாவுச்சத்தின் துண்டுகளை) ஹாப்ஸின் நொதிகள் சர்க்கரையாக உடைக்க, ஈஸ்ட் மறுபடி கிளம்புகிறது. இதுதான் ஹாப் க்ரீப். ஆல்கஹால் 7.9-லிருந்து 8.3 சதவீதம் ஆனது பெரிதில்லை. கிளம்பிய ஈஸ்ட் வெளியே தள்ளும் ஆல்பா அசிட்டோலாக்டேட்டுக்கு வாசனை கிடையாது. அது மெல்ல டைஅசிட்டைலாக மாறும்போதுதான் வெண்ணெய் எழும்பும். மூன்றாம் நாளே குளிரில் தள்ளினால் ஈஸ்ட் அடியில் படுத்துவிடும், டைஅசிட்டைலைத் தின்று தீர்க்க ஆளிருக்காது. முதல் இரண்டு பேட்சும் கெட்டது இப்படித்தான்.

1994-இல் கலிபோர்னியாவின் டெமெக்குலாவில் பீர் தயாரிப்பாளர் வின்னி சிலுர்சோ காய்ச்சியதைத்தான் முதல் டபுள் ஐபிஏ என்பார்கள். பழைய கருவிகளின் குறையை மறைக்கவும் ஹாப்ஸை அவ்வளவு ஏற்றினாராம். டைஅசிட்டைல் மட்டும் எவ்வளவு ஹாப்ஸுக்கும் அடங்காது.

ஆகவே குளிரூட்டும் முன் சூட்டுச் சோதனை: ஒளிந்திருக்கும் அசிட்டோலாக்டேட் சூட்டில் சீக்கிரமே டைஅசிட்டைலாகி மூக்குக்குத் தெரிந்துவிடும். இரண்டு கிளாஸில் தலா 100 மில்லி, மேலே அலுமினியத் தாள். ஒன்றை 65 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் நிறுத்த வேண்டும், மற்றது வெளியே. பிறகு இரண்டையும் ஒரே சூட்டுக்குக் கொண்டுவந்து மோந்து பார்க்க வேண்டும். சூடாக மோந்தால் ஆல்கஹால்தான் மூக்கில் ஏறும். சூடேற்றியதில் மட்டும் வெண்ணெய் அடித்தால் பொறுத்திருக்க வேண்டும். இரண்டிலும் அடித்தாலும் அதேதான். இரண்டும் சுத்தமானால்தான் குளிர். இந்த பேட்ச் ஐந்தாம் நாள் தேறவில்லை, எட்டாம் நாள் தேறியது. அதுவரை 20 டிகிரியிலேயே இருந்தது. மாதிரி எடுக்கும்போது பெர்மென்டருக்குள் (பீர் நொதிக்கும் கலனுக்குள்) காற்றுப் போகாமல் கார்பன் டையாக்சைடு விட வேண்டும். இல்லாவிட்டால் வெண்ணெய் போய் ஈர அட்டை வாடை வரும்.

ருசி பார்க்க 8 முதல் 10 டிகிரி சரி. 4 டிகிரியில் மணம் வெளியே வராது. கசப்பு நாக்கின் பின்புறம் நின்று மெல்லக் கரைகிறது, இனிப்பு ஒட்டவில்லை. தொண்டையில் லேசாகக் கரகரப்பு: ஹாப் துகள் இன்னும் படியவில்லை, ஒரு வாரம் குளிரில் கிடந்தால் தெளியும். தொட்டுக்கொள்ள மிளகாய் வறுவல் வேண்டாம். காரமும் கசப்பும் ஒன்றையொன்று ஏற்றிவிடும்.

அமெரிக்காவில் ஹாப்ஸ் விளையும் யாகிமாவில் அறுவடை ஆகஸ்ட் கடைசியில் தொடங்குகிறது. பாக்கெட்டில் அறுவடை ஆண்டைப் பார்க்காமல் சிம்கோ வாங்கக் கூடாது. தள்ளுபடியில் வருவதில் பழையது அதிகம். அடுத்த முறை டிரை ஹாப்போடு ஏஎல்டிசி நொதியும் சேரும். அது அசிட்டோலாக்டேட்டை டைஅசிட்டைல் ஆகவிடாமல் நேராக அசிட்டோயினாக மாற்றிவிடுவதால் எட்டு நாள் காத்திருப்பு குறைய வேண்டும். ஆனால் இந்த பேட்சின் இரண்டாவது கெக்கில் இன்னும் கேஸே ஏறவில்லை.