இது நிவாரணக் கணக்கு இல்லைங்க

ஆய்வு நெறி என்றாலே பல்கலைக்கழகத்தில் எல்லாரும் கேட்பது, ‘சிமிலாரிட்டி எத்தனை பர்சென்ட்?’ அதாவது, ஆய்வேட்டில் மற்றவர் எழுத்தோடு ஒத்துப்போகும் பகுதி எவ்வளவு என்று. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை, 60-ஐத் தாண்டினால் ஆய்வு மாணவரின் பதிவே ரத்து. அதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். வடசென்னையில் மீனவர்கள் வாழும் எண்ணூர், காசிமேடு பக்கம் சர்வேக்குப் போகிறவர்கள் சறுக்கும் இடம் வேறு.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு வந்து எண்ணூர் கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் படிந்தது. அதன்பின் குப்பத்துக்குள் யார் பேடும் பேனாவுமாக நுழைந்தாலும், நிவாரணத்துக்குப் பேர் எழுத வந்தவர் என்றுதான் தோன்றும். கேட்காமலே ரேஷன் கார்டு ஜெராக்ஸ் வெளியே வரும். சொல்கிற நஷ்டம் கூடும், வருமானம் குறையும். ஆய்வில் சேர அவர்கள் தந்த ஒப்புதலும் செல்லாது, டேட்டாவும் போச்சு.

அதனால் முதல் வாக்கியமே இப்படி இருக்கட்டும்: “அக்கா, இது கவர்மென்ட் கணக்கு இல்ல, காலேஜ் ஆராய்ச்சி. இதுல சேர்ந்தா பணம் வராது, சேராட்டியும் எதுவும் நிக்காது. நடுவுல வேணாம்னா நிறுத்திக்கலாம்.” அடுத்து, “நான் எதுக்கு வந்திருக்கேன்னு நீங்க சொல்லுங்க” என்று கேளுங்கள். பதிலில் ‘நிவாரணம்’ வந்தால் கையெழுத்து வாங்காதீர்கள், முதலிலிருந்து சொல்லுங்கள். கார்டு நம்பரைக் குறிக்காமல் திருப்பிக் கொடுங்கள்.

‘தங்கள் தன்னார்வப் பங்கேற்பின் இரகசியத்தன்மை பேணப்படும்’ என்று ஒப்புதல் படிவத்தில் இருந்தால், மீன் விற்கும் அம்மா ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். எந்த வரியை மாற்ற வேண்டும் என்பது அவர் முகத்திலேயே தெரிந்துவிடும். படிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு மட்டும் போதாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல்படி, ஆய்வோடு சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் கடைசிவரை கூட இருந்து கையெழுத்திட வேண்டும். உங்கள் டீம்காரர் சாட்சி ஆக மாட்டார். ஊர்ப் பஞ்சாயத்தார் தலையாட்டினால் ஊருக்குள் நுழைய அனுமதி கிடைத்தது, அவ்வளவுதான். மனைவிக்கான கேள்விக்குக் கணவர் பதில் சொன்னால் அந்தப் பேட்டி கணக்கில் சேராது.

ஆய்வைச் சரிபார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி முதல் வீட்டுக் கதவைத் தட்டும் முன்பே கையில் இருக்க வேண்டும். சர்வே முடித்துவிட்டுப் பின்தேதியில் கேட்டால் கிடைக்காது. நடுவில் கேள்விகளை மாற்றினாலும் மறுபடி குழுவிடம் போக வேண்டும்.

பேரை எடுத்துவிட்டால் ரகசியம் காத்தாகிவிட்டது என்ற நினைப்பு பலருக்கு. ‘52 வயது, கணவர் இல்லை, கையால் தடவி இறால் பிடிப்பவர்’ என்று எழுதினால் சின்னக் குப்பத்தில் யாரென்று டீக்கடையிலேயே சொல்லிவிடுவார்கள். வயதை 50–59 என்று போடுங்கள். ஜிபிஎஸ் எண்ணில் ஐந்து தசம இடம் இருந்தால் வீட்டு வாசலையே காட்டும். இரண்டு இடம் என்றால் சுமார் ஒரு கிலோமீட்டர். வெளியிடும்போது இரண்டோடு நிறுத்துங்கள். பேரையும் குறியீட்டு எண்ணையும் இணைக்கும் தாள் தனிப் பூட்டில் இருக்கட்டும், டீம் வாட்ஸ்அப் குரூப்பில் அல்ல.

ரத்தம் எடுப்பதாக இருந்தால், முடிவை யார், எப்போது, எப்படிச் சொல்வார் என்பதையும் படிவத்திலேயே எழுத வேண்டும். ஈயம் இத்தனை மைக்ரோகிராம் என்று ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டு வந்தால், அதை எடுத்துக்கொண்டு அவர் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் எந்த ஓ.பி. வரிசையில் போய் நிற்பார்?