குவாரியில் ஊறுவது வாய்க்கால் தண்ணீர்தானா? கண்டுபிடிக்கும் முறையும் வாய்க்காலை இடம் மாற்றும் வேலையும்

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில் தண்ணீர் ஊறினால் முதல் பழி பக்கத்து வாய்க்கால் மேல்தான் விழும். சில சமயம் அது சரி. சில சமயம், குவாரியின் சொந்தப் பம்ப் வெளியே தள்ளிய தண்ணீரே பள்ளம் வழியாகச் சுற்றிக்கொண்டு திரும்ப உள்ளே இறங்கியிருக்கும். எனவே முதல் வேலை, டெலிவரிக் குழாய் எங்கே கொட்டுகிறது, கொட்டியது எங்கே போகிறது என்று கடைசிவரை நடந்து பார்ப்பது. இரண்டாவது, சுற்றுவட்டாரத்தில் தண்ணீர் நிரம்பிக் கிடக்கும் பழைய, கைவிட்ட குழிகளின் நீர்மட்டம், அவற்றிலிருந்தும் ஊறி வரலாம். மூன்றாவது, குவாரியின் அடித்தளம். இந்தப் பக்கம் வெட்டும் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லுக்கு அடியில் சில்லக்குடி மணற்கல் இருக்கிறது. தரையிலிருந்து பொங்கி வரும் தண்ணீர் அங்கிருந்தும் ஏறலாம். வாய்க்காலை எவ்வளவு தூரம் தள்ளி வைத்தாலும் அது நிற்காது.

ஒவ்வொரு ஊறலுக்கும் பாறையில் பெயிண்டால் எண் போட்டு, லெவல் மெஷின் வைத்து மட்டம் எடுக்க வேண்டும். வாய்க்காலின் முழுக்கொள்ளளவு நீர்மட்டத்தையும் அதே பெஞ்ச்மார்க்கிலிருந்து (மட்டம் மாறாத குறிப்புப் புள்ளி) எடுங்கள். அந்த மட்டத்துக்கு மேலே ஊறும் இடம் வாய்க்கால் கணக்கில் வராது. இந்த ஒரு வரியை விட்டுவிட்டு எழுதிய அறிக்கைகள் நிறைய உண்டு.

சிறு ஊறலுக்கு வாளியும் ஸ்டாப்வாட்சும் போதும். 10 லிட்டர் வாளி 40 நொடியில் நிரம்பினால் நொடிக்கு 0.25 லிட்டர். நாளைக்கு 21,600 லிட்டர், அதாவது 10,000 லிட்டர் டேங்கர் இரண்டுக்குமேல். பல ஊறல்கள் சேர்ந்து ஓடும் இடத்தில் 90 டிகிரி வி-நாட்ச் தகடு (V வடிவில் வெட்டிய அளவுத் தகடு) வையுங்கள். நாட்ச்சின் அடிமுனைக்கு மேல் 10 செ.மீ. நின்றால் நொடிக்குச் சுமார் 4.4 லிட்டர், 15 செ.மீ. என்றால் 12 லிட்டர். உயரம் ஒன்றரை மடங்காகும்போது ஓட்டம் கிட்டத்தட்ட மூன்று மடங்காகிறது. அதனால் அளவுகோலைத் தகட்டிலேயே ஒட்டாதீர்கள், அங்கே தண்ணீர் சரிந்து ஓடும். நீர் உயரத்தைப்போல் நான்கு மடங்கு தூரம், தண்ணீர் வரும் பக்கமாகப் பின்னால் நடுங்கள். தகட்டின் அடியில் களிமண் அடைக்காவிட்டால் பாதித் தண்ணீர் கீழேயே போய்விடும். பம்ப் ஓடிய மணிக்கணக்கை வைத்து ஊறலைக் கணக்கிடுவது வேண்டாம், அதில் மழையும் சேர்ந்திருக்கும்.

அடுத்தது காலம். வாய்க்காலில் தண்ணீர் வருவதற்கு இரண்டு வாரம் முன்பே தினசரி அளவைத் தொடங்குங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் வாய்க்காலும் ஒன்றாக ஓடுவதால் அந்த மாதங்களின் கணக்கை மட்டும் வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. மழை ஓய்ந்தபின் வாய்க்கால் அடைபடும் நாட்கள்தான் தங்கம். அடைத்த இரண்டு மூன்று நாளில் ஊறல் சரிந்தால் திறந்த வெடிப்போ பொந்தோ இருக்கிறது. வாரக்கணக்கில் மெல்லக் குறைந்தால் மண் வழியாக ஊறி வருகிறது.

தண்ணீரைச் சோதிக்கும்போது பலரும் கடினத்தன்மையைப் பிடித்துக்கொள்கிறார்கள். காவிரித் தண்ணீரே ஆனாலும் சுண்ணாம்புக்கல்லுக்குள் வந்தால் வழியிலேயே கடினமாகிவிடும். குளோரைடைப் பாருங்கள், பாறை அதைக் கூட்டுவதில்லை. வாய்க்காலில் லிட்டருக்கு 40 மி.கி., தள்ளியிருக்கும் கிணற்றில் 200, ஊறலில் 120 என்று வைத்துக்கொண்டால் பாதிக்குப் பாதி கலப்பு. சாக்கடை கலக்கும் கிணற்றை ஒப்பீட்டுக்கு எடுத்தால் இந்தக் கணக்கு கவிழும்.

வழியைக் காட்டுவது, வாய்க்காலில் விட்டு ஊறலில் தேடும் சாயம். யுரானின் என்ற பச்சைச் சாயம் போதும், ஆனால் வெயிலில் சிதையும், அதனால் மாலையில் விடவேண்டும். ஊராட்சிக்கும் நீர்வளத்துறைக்கும் முன்கூட்டியே எழுத்தில் சொல்லுங்கள், பச்சைத் தண்ணீரைக் கண்டு ஊர் பதறும். ஒரு வாரம் முன்பே வெற்று மாதிரி (சாயம் விடுவதற்கு முந்தைய தண்ணீர்) எடுப்பது அவசியம். வண்டிகளின் பச்சை கூலன்ட்டிலும் இதே சாயம் இருக்கலாம். சாயம் கலக்கிய ஆள் அன்று மாதிரி பிடிக்கக் கூடாது.

வாய்க்கால் எவ்வளவு இழக்கிறது என்பதற்குத் தேக்கிப் பார்ப்பதே நம்பகமான வழி. அடைப்புக் காலத்தில் குறுக்கே மண் தடுப்புகள் போட்டு, பம்ப் வைத்து நிரப்பி, மட்டம் இறங்குவதைக் குறிக்க வேண்டும். காய்ந்த கரிசல் வெடிப்புகள் முதல் இரண்டு நாள் தண்ணீரைக் குடிக்கும், அந்த அளவைத் தள்ளிவிடுங்கள். ஆவியாவதைக் கழியுங்கள். 300 மீட்டரை ஒரே தொட்டியாக வைக்காமல் மூன்றாகப் பிரித்தால் எந்தத் துண்டு ஒழுகுகிறது என்று தெரியும். சுண்ணாம்புக்கல் பகுதியில் இழப்பு சீராகப் பரவியிருக்காது, பெரும்பாலும் ஓரிரு இடத்தில்தான் இருக்கும். அப்படித் தெரிந்தால் அந்தத் துண்டுக்கு மட்டும் லைனிங் (கான்கிரீட் போன்ற உள்உறை) போட்டுப் பார்ப்பது மலிவு. இடமாற்றம் அதற்குப் பிறகுதான்.

தரைக்குள் மின்சாரம் செலுத்திப் பார்க்கும் மின்தடை ஆய்வு, துளை போடும் இடத்தைக் காட்டும், அவ்வளவே. ஈரமான களிப்பாறையும் தண்ணீர் நிறைந்த வெடிப்பும் அதில் ஒன்றுபோலவே தெரியும். வாய்க்காலுக்கும் குழிக்கும் இடையே மூன்று பீசோமீட்டராவது (நிலத்தடி நீர்மட்டம் பார்க்கும் துளைக்குழாய்) ஒரே வரிசையில் இருந்தால்தான் நீர்மட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்ல முடியும்.

மாற்றத்தான் வேண்டும் என்றால், பெரிய இடறல் நிலம். வாய்க்கால் புறம்போக்குக்கு மாற்று நிலம் தரவேண்டும். புலப்படத்தில் புதிய தடத்தின் ஒவ்வொரு சர்வே எண்ணும், பழைய தடத்தின் ஒவ்வொரு மதகும் வரவேண்டும். நீர்வளத்துறை ஒப்புதல், ஆயக்கட்டுதாரர் (வாய்க்காலில் பாசனம் பெறும் விவசாயிகள்) சம்மதம், சுரங்கத் திட்டத் திருத்தம் மூன்றையும் சேர்ந்தே நகர்த்துங்கள். ஒன்று முடிந்தபின் அடுத்தது என்று போனால் அடைப்புக் காலம் கைதவறி ஒரு வருடம் போகும். வாய்க்காலிலிருந்து 50 மீட்டர் என்ற சுரங்கக் குத்தகை நிபந்தனை சட்டத்துக்கான தூரம், கசிவுக்கு அது தெரியாது. தூரத்தை இன்றைய குழி ஓரத்திலிருந்து அளக்காமல் குத்தகை முடிவில் குழி எங்கே நிற்குமோ அங்கிருந்து அளக்க வேண்டும்.

வடிவமைப்பில் தவறு நடப்பது சரிவில். பழைய தடம் 1.2 கி.மீ., சரிவு 4000-க்கு 1 என்றால் மொத்த இறக்கம் 30 செ.மீ. புதிய தடம் சுற்றிப் போய் 1.8 கி.மீ. ஆனாலும் இரு முனை மட்டமும் மாறாது. சரிவு 6000-க்கு 1 ஆகிவிடும், அதே குறுக்குவெட்டில் ஓட்டம் 18 சதவீதம் குறையும். மேனிங் எண் (வாய்க்கால் பரப்பின் சொரசொரப்பைக் காட்டும் எண்) மண் வாய்க்காலுக்கு 0.025, கான்கிரீட் லைனிங்குக்கு 0.018 என்று எடுத்தால் இழந்த ஓட்டம் ஈடாகி 13 சதவீதம் மிஞ்சும். வளைவுகளின் இழப்பு அதில் கொஞ்சம் தின்னும். மதகுகளின் அடிமட்டம் தனிக் கணக்கு. நீர்மட்டம் கைப்பிடி அளவு தாழ்ந்தாலும் கடைசி மேட்டு வயல் காய்ந்துவிடும்.

கரிசலின் மேல் நேராகக் கான்கிரீட் போட்டால் மண் உப்பி இரண்டாவது பருவத்திலேயே பலகை தூக்கிக்கொள்ளும். உப்பாத, ஆனால் பிடிப்புள்ள செம்மண்ணைக் கெட்டித்து அடுக்கி, அதன்மேல்தான் லைனிங். தோண்டும்போது பொந்து கண்டால் அப்படியே கான்கிரீட்டை ஊற்றாதீர்கள், அடியில் மண் அரித்துப் போய் அது தொங்கும். சுத்தம் செய்து, வாய் அடைபடும் அளவுக் கல்லை முதலில் இறக்கி, மேலே போகப்போகச் சிறிதாக்கி, பிறகு மூட வேண்டும்.

புதியதை முழுக்க முடித்துத் தேக்கிப் பார்த்த பிறகே இணைப்பை வெட்டுங்கள். பழைய தடத்தைக் குவாரிக் கழிவுக் கல்லால் நிரப்பி விடுவது வழக்கம். அப்படிச் செய்தால் மழைநீருக்கு நேர்வழி போட்டுக் கொடுத்ததாகும். இரு முனையிலும், ஒழுகாத அடுக்கு வரை வெட்டி, களிமண் அடைப்பு வைத்து, மேலே மழைநீர் வாரி தனியாக வெட்டுங்கள்.

பெயிண்ட் எண்களை அழிக்காமல் ஒரு முழு பருவம் அதே வாளியால் அளந்து வாருங்கள். அப்போதும் குறையாமல் ஓடும் எண்களை மணற்கல் பக்கம் எழுதி, சம்ப்பை (தண்ணீர் சேர்ந்து பம்ப் இழுக்கும் குழி) அதற்கேற்பப் பெரிதாக்குங்கள்.